மேட்டுக்கு ஒரு எஞ்சின்

மார்ச் 3

என்னங்க,

நான் நலம். இடமாற்றமாகிப் போன இரண்டு வருடத்தில் மூன்று கடிதம் போட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் அங்கே மழை பெய்த செய்திதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைமேல் இருக்கும் சட்டை ஆலையில் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். அங்கே பேருந்து கிடையாது. கொட்டகையில் நீங்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன குட்டிக் கார்தான் வழி. பழைய எஞ்சின் மேட்டில் திணறுகிறது என்றுதானே வேறு கம்பெனி செய்த, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டும் பெரிய கார்புரேட்டரும் வாங்கினீர்கள்? இரண்டையும் நானே மாட்டப்போகிறேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள ஊசிக்கு,

உன் பட்டப்பெயரை எழுதியே ரொம்ப நாளாயிற்று. கோபப்படாதே. தையல் மெஷின் வேறு, எஞ்சின் வேறு. பணிமனையில் நாளெல்லாம் பேருந்து எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன் சொல்கிறேன், கை வைக்காதே. லீவு கிடைத்ததும் நானே வந்து முடித்துத் தருகிறேன்.

இங்கே நல்ல மழை.

அன்புடன்,
நான்

மார்ச் 15

என்னங்க,

"லீவு கிடைத்ததும்" எந்த மாதத்தில் வருகிறது என்று நாட்காட்டியில் தேடினேன். காணோம். அதனால் ஆரம்பித்துவிட்டேன்.

தையல் மெஷினில் ஊசி இறங்கும் நேரமும் கொக்கி சுற்றும் நேரமும் மயிரிழை பிசகினால் தையல் விழாது. இருபது வருடமாக அதைத்தான் சரிசெய்கிறேன். எஞ்சினிலும் அதே கதைதான். பற்சக்கரங்களில் இருக்கும் அடையாளங்களைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துச் சங்கிலியை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சுழல்கிறது, ஆயில் பம்ப் மட்டும் அசையவில்லை. கழற்றினால், பம்பின் முனையிலும் பள்ளமாக வெட்டிய காடி, புது ஷாஃப்ட்டின் முனையிலும் காடி. ஒன்றில் முளை இருந்தால்தானே இன்னொன்றைப் பிடித்துச் சுழற்றும்? அப்படியே ஓட்டியிருந்தால் எண்ணெய் ஏறாமல் எஞ்சின் இறுகிப்போயிருக்கும்.

ஷாஃப்ட் முனையில் அரம் போட்ட தடம் இருக்கிறது. நான் அரத்தைத் தொடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், இது உங்களுக்கு முன்பே தெரியுமா?

ஊசி

மார்ச் 21

ஊசி,

தெரியும்.

அது வேறு மாடலுக்கான ஷாஃப்ட். கடைக்காரர் கேட்டார், "எந்த வருஷத்து எஞ்சின் சார்?" என்று. "எனக்கேவா சொல்லித்தர்றீங்க? குடுங்க" என்று வாங்கி வந்தேன். முனையை அரத்தால் ராவிப் பார்த்தேன், சரிவரவில்லை. அந்த நேரம் பார்த்து நீ வந்து, "எப்பங்க ஓடும்?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். "நச்சரிக்காதே" என்று ஸ்பேனரை வீசினேன். மறுவாரம் இடமாற்றம் வேண்டும் என்று நானே எழுதிக்கொடுத்தேன். அதிகாரி மாற்றிவிட்டார் என்று உன்னிடம் சொன்னது பொய்.

தப்பு பண்ணிவிட்டேன்.

முளை வைத்த பம்பு தனியாகக் கிடைக்கும். அதை மாற்றினால் போதும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. புது ஷாஃப்ட் என்பதால், முதல்முறை ஓடும்போது வண்டியை நிறுத்தி வைத்தே இருபது நிமிடம் எஞ்சின் வேகத்தைக் குறைக்காதே.

நான் வரலாமா?

மார்ச்சோ ஏப்ரலோ, நீ சொல்லும் நாளில்,
நான்

ஏப்ரல் 6

என்னங்க,

ஓடுகிறது. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அந்தப் பம்பை வாங்கிவிட்டேன். இருபது நிமிடமும் ஆக்சிலரேட்டரை விடவில்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குள்ள ரயில் விடுறியா?" என்றார்.

ஒன்றாம் தேதி, மேடு முழுக்க மூன்றாவது கியரிலேயே ஏறினேன். ஆலை வாசல் தெரிந்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். காவலாளி பயந்துபோய் யார் எவர் என்று கேட்காமலே கேட்டைத் திறந்துவிட்டார்.

ஷாஃப்ட்டுக்காக எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதிகாரி மாற்றினார் என்றதை நான் அன்றே நம்பவில்லை; என் வாய்தான் உங்களை விரட்டியது என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். யாரிடமும் எதையும் கேட்கவே நாக்கு கூசியது. அது அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

ஞாயிறு காலைப் பேருந்தில் வாருங்கள். நிலையத்துக்குக் காரோடு வருகிறேன். மலைவரை போய்வரலாம். சாயங்காலப் பேருந்துக்குக் கொண்டுவந்து விடுவேன். வீட்டில் தங்குவது பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஓட்டுவது நான்தான். வழியில் "கியரை மாத்து" என்று ஒரு வார்த்தை வந்தாலும் அந்த வளைவிலேயே இறக்கிவிடுவேன். எதற்கும் நடக்கத் தோதான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஊசி