ஓம் என்று சொன்ன நட்டாலி

பினாங்கு,
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

அன்புள்ள என் கணவருக்கு,

தண்ணீர்மலை முருகன் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். பிந்துலுவில் வேலையிடத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மிளகாய்த்தூள் முடிந்திருக்கும், இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே வைத்துவிட்டு வேறொருவருக்கு அழைப்பீர்கள். கடிதமென்றால் கடைசி வரி வரை வாசிப்பீர்கள். வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்று கூரியர் கடை பஷீர் சொன்னார்.

முதலில் என் பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஆறு நாட்களாகச் சுதர்ஷினியின் கைப்பேசியிலிருந்து "ஓகே அப்பா, சாப்பிட்டேன்" என்று உங்களுக்கு அனுப்பியது நான்தான். பிள்ளை கோலாலம்பூருக்குப் பயிற்சிக்குப் போகவில்லை. டத்தோ கிராமாட்டில் மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் இல்லத்துக்குள், ஒரு நோயாளியாக இருக்கிறாள். எங்கள் கோயில் மாதர் குழு செவ்வாய்தோறும் சோறு கொண்டுபோகும் அதே இல்லம். உங்கள் நண்பர் பாக்கியநாதன் பொருளாளராக இருக்கும் அதே இல்லம்.

எழும்பி நடக்காதீர்கள். இருந்து வாசியுங்கோ.

அங்கே ஆட்களைக் கட்டிப் போடுகிறார்கள் என்று வேலையை விட்டு வந்த ஒரு தாதி இவளிடம் சொல்லியிருக்கிறாள். போலீசில் எழுதிக்கொடுக்க அவளுக்குப் பயம். வெளியிலிருந்து போய்க் கேட்டால் தரையைத் துடைத்துப் பூச்சாடி வைத்துக் காட்டுவார்கள், உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். அவள் நிருபராக இருக்கும் பத்திரிகையில் இப்படி ஒரு வேலைக்கு எந்தப் பெண்ணும் போனதில்லையாம். ஆசிரியர் ஹைக்கல் இரண்டு தரம் மறுத்தாராம். கடைசியில், கூட வேலை செய்யும் ரீத்தா, "இது என் தங்கச்சி நட்டாலி, பேச மாட்டா" என்று கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு வந்தாள். வரும் திங்கட்கிழமை அவளே போய்க் கூட்டிவருவாள்.

நீ தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுத்தேன். "இரண்டு வருஷமாப் போறீங்கள் அம்மா, ஒருநாளாவது மேல்மாடிக்கு ஏறினீங்களா?" என்று கேட்டாள். என் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எத்தனை சுண்டு அரிசி, எத்தனை பேர் என்று வாராவாரம் எழுதி வைக்கிறேன் அல்லவா? நாற்பது பேருக்குச் சமைத்திருக்கிறோம். நான் பரிமாறியது ஒருநாளும் இருபத்தேழு தட்டைத் தாண்டவில்லை. மிச்சச் சோற்றைப் பாத்திரத்தோடு வாங்கி, "மேல படுத்திருக்கிறவங்களுக்கு" என்பார்கள். நானும் புண்ணியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்து விளக்கேற்றியிருக்கிறேன். அந்தப் பதின்மூன்று பேர் யார் என்று கேட்டதே இல்லை.

இன்று பிள்ளையைப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக இருந்தாள். தலைமுடியைக் காதளவு வெட்டியிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் துணி இறுகிய சிவப்புத் தடம். மாத்திரை மயக்கத்தில் கண் சொருகிக் கிடந்தது. என்னைக் கண்டாலும் தெரியாத ஆள் மாதிரி இருங்கோ என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தவறு என்னுடையது. மற்றவர்களிடம் "பருப்பு ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டு வந்த வாய், அவள் முன்னால் வந்ததும், நம் வீட்டு மேசையில் கேட்பதுபோல, "இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டோ?" என்று கேட்டுவிட்டது.

பிள்ளை "ஓம்" என்றாள். மற்றவர்கள் "ஆமா" என்னும் இடத்தில் நம் வீட்டில் சொல்லும் அதே ஓம்.

பொறுப்பாளர் அதிரா ஓடிவந்தாள். "பேசாதுன்னாங்க, பேசுது லா! நட்டாலின்னு கிறிஸ்தவப் பேரு வெச்சிட்டு ஓம்னு சொல்லுது, யார்டி நீ?" என்று பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். கரண்டியை வைத்துவிட்டுக் கைகூப்பி, கண்ணை மூடி, "ஓம்... ஓம்..." என்று உரக்க ஆரம்பித்தேன். பின்னால் நின்ற எங்கள் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பரிமாறும்போது நாங்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டுக் குழந்தை மாதிரி அதுவும் சொல்லியிருக்கும் என்றேன். அதிரா சிரித்துவிட்டாள். "விட்டா தைப்பூசத்துக்குப் பால்குடமே தூக்க வெச்சிருவீங்க போல, அக்கா" என்றாள். பிரணவத்தைப் பொய்க்குப் போர்வையாக்கிய பாவத்துக்கு ஏழு வெள்ளிக்கிழமை விரதம் நேர்ந்திருக்கிறேன்.

ஆனால் சத்தம் கேட்டு பாக்கியநாதன் வந்தார். பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். அது உங்கள் முகம். அந்த நெற்றியும் மூக்கும் அப்படியே உங்களுடையவை. அவர் சுதர்ஷினியைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது. நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து, "அண்ணி, உங்க மக இப்ப எங்க இருக்கு? சரி, ஞாயித்துக்கிழமை அண்ணே போன் போடுவாரே, அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்றார். கோலாலம்பூரில் என்று நான் சொன்னதை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

இன்றே ரீத்தாவை வரச் சொல்லட்டுமா என்று தட்டை எடுக்கும்போது பிள்ளையின் காதருகில் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். கண்ணால் மாடிப்படியைக் காட்டினாள். அவள் இன்னும் மேலே போகவில்லை. போகாமல் வரமாட்டாள். உங்கள் பிடிவாதம்.

அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பாக்கியநாதனுக்குப் போன் போடுங்கள். போடாவிட்டால் சந்தேகம் கூடும். மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள், நேற்றுக்கூடக் கதைத்தேன் என்று சொல்லுங்கள். கோபத்தைக் காட்டாதீர்கள். முப்பது வருஷத்தில் நீங்கள் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் நடுங்கினால் இருமிக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை பத்து மணிக்கு ரீத்தா உள்ளே போவாள். நான் எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். பத்தரைக்குள் பிள்ளை வெளியே வராவிட்டால், போலீசை அழைத்துவிட்டு நானே உள்ளே போய் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு எது நடந்தாலும் என்னைக் கோபிக்காதேயுங்கோ.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடுத்த முருகன், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் உங்களுக்கு நல்லதொரு பொய்யைக் கொடுக்கட்டும்.

உங்கள்
ஞானாம்பிகை