‘மீ’ என்று எழுதிய பொட்டலங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஃப்ரீசரும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லையென்றாலும் சுகம் என்றுதான் பதில் போடுவாய், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். போனில் உன் அம்மா ஏதேதோ சொல்லியிருப்பாள், அப்பாவால் மானம் போயிற்று, பெரிய மாமா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது என்றெல்லாம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் முறையாக எழுதிவிடுகிறேன், நீ லேப்பில் வேலை பார்ப்பவள், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லக் கூடாது.

அந்தக் காற்று உறிஞ்சும் மெஷினைப் பற்றி உனக்குத் தெரியும். பையில் கறியைப் போட்டு, பையின் வாயை அதன் வாயில் வைத்து அமுக்கினால், உர்ரென்று உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் இழுத்துவிட்டு ஓரத்தை ஒட்டிவிடும், அப்புறம் ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கறி கறியாகவே இருக்கும், பனி பிடித்து விறகுக்கட்டை மாதிரி ஆகாது. உன் அம்மா அதற்கு உறிஞ்சான் என்று பெயர் வைத்திருக்கிறாள், அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என்னையும் ஒரு பார்வை பார்க்கிறாள். காலமெல்லாம் பார்சல் ஆபீசில் கட்டிக் கட்டிப் பழகிய கை, ரிட்டயர் ஆனால் மட்டும் சும்மா இருக்குமா. கோழி, ஆட்டுக்கறி, பட்டாணி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பன்னை ஒட்டிப் பார்த்தது தப்பு, கடிதம் மாதிரி தட்டையாகிவிட்டது, வேண்டுமானால் உனக்கே தபாலில் அனுப்பலாம். சூப்பை அப்படியே பையில் ஊற்றினேன், பாதியை மெஷின் குடித்துவிட்டது, அதைத் தலைகீழாக நிறுத்திக் காய வைக்க வேண்டியதாயிற்று. நீ எப்போதாவது செய்தால் சூப்பை முதலில் கிண்ணத்தில் உறைய வைத்து, கல்லான பிறகு பையில் போடு. டி.வி. ரிமோட்டில் எண்ணெய்க்கை படுகிறதே என்று அதையும் ஒட்டினேன், எல்லாப் பொத்தானும் ஒன்றாக அழுந்தி டி.வி. பைத்தியம் பிடித்த மாதிரி சேனல் சேனலாகத் தாவ ஆரம்பித்துவிட்டது, அன்றைக்கு உன் அம்மா என்னிடம் பேசவில்லை, எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் நான் இதை விளையாட்டுக்கு வாங்கவில்லை பாப்பா. போன தடவை நீ வருகிறாய் என்று உன் அம்மா வாங்கிச் சமைத்து வைத்தாளே, கடைசி நேரத்தில் உனக்கு லீவு இல்லை என்று ஆகிவிட்டதே, அது உன் தப்பில்லை, லீவு தராத உன் லேப் டாக்டரம்மா தப்பு. அந்தச் சாப்பாட்டை அவள் யாருக்கும் கொடுக்கவும் இல்லை, கொட்டவும் விடவில்லை. தினமும் எடுத்துச் சூடு பண்ணி, கொஞ்சம் தின்று, மறுபடி உள்ளே வைத்தாள். வாடை வந்த பிறகு நான்தான் அவள் தையல் கடையில் இருக்கும்போது எடுத்துப்போய்க் கொட்டினேன். வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்தாள், கழுவிக் கவிழ்த்து வைத்தாள். உன் லீவு எப்படி வேண்டுமானாலும் தள்ளிப் போகட்டும், இனி இந்த வீட்டில் உனக்கென்று வைத்த சாப்பாடு கெட்டுப்போகக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

அதனால்தான் இந்தத் தடவை நீ சாப்பிடும் அந்த ஒரே மீன், நடு முள்ளைத் தவிர வேறு முள் இல்லாத பெரிய மீன், சீசனில் வந்ததும் மீன்காரரிடம் சொல்லிவைத்து முழுசாக வாங்கினேன். துண்டு போட்டு, துடைத்து ஈரம் போக்கி, ஒட்டி, பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியாமல் இருக்க ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டி வைத்தேன். உறையில்லாத பொட்டலம் எதுவும் என் ஃப்ரீசருக்குள் போகக் கூடாது என்று உன் அம்மாவுக்கும் சட்டம் போட்டேன். அவளும் ஆச்சரியமாக அதற்கு மட்டும் கட்டுப்பட்டாள். எங்கள் ஆபீசில் மூட்டை மேல் முதல் எழுத்தை மட்டும்தான் போடுவோம், முழுப்பெயர் எழுதிக்கொண்டிருந்தால் லாரி கிளம்பிவிடும். அதனால் கோழி என்றால் ‘கோ’, ஆட்டுக்கறி என்றால் ‘ஆ’, உன் மீன் என்றால் ‘மீ’.

இப்போது உன் அம்மாவின் தையல் கடையை நினைத்துப் பார். சட்டை வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியைச் சுருட்டிக் கட்டி அதன் மேல் சாக்கட்டியால் அவள் என்ன எழுதுவாள்? ‘மீ’. மீதி. நீ சின்ன வயதில் பொம்மைக்குப் பாவாடை தைக்கத் திருடியதெல்லாம் அந்த ‘மீ’ மூட்டையிலிருந்துதான். அந்தப் பழக்கத்தில் அவள், சாப்பாட்டில் மிஞ்சியதையெல்லாம் பையில் போட்டு ஒட்டி, என் சட்டப்படி காகிதம் சுற்றி, மேலே ‘மீ’ என்று எழுதி, என் மீனுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஒரு எழுத்துக்கு அர்த்தம் கேட்க வேண்டும் என்று தோன்றுமா, நீயே சொல்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த டீச்சர் தெருப் பூனைகளுக்கெல்லாம் சோறு வைப்பவர், அதனால் அவருக்குப் பூனை டீச்சர் என்றே பெயர். உன் அம்மா ஃப்ரீசரில் இடம் பண்ண அவ்வப்போது மேலாக இருக்கும் ‘மீ’ பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவரிடம் கொடுத்து வந்திருக்கிறாள், மீதிதானே என்று. எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: டீச்சர் என்னைப் பார்த்தால் குடையை மடக்கிக் கும்பிட ஆரம்பித்தார், உங்க மனசு யாருக்கு சார் வரும் என்றார். மெஷினின் புகழ் பக்கத்து வீடு வரைக்கும் போய்விட்டது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பால் வாங்கப் போனால் பின்னாலேயே நான்கைந்து பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு வரும், எல்லாம் கொழுகொழுவென்று, முடி பளபளவென்று. மிருகங்களுக்குக் கூட நல்ல மனிதரைத் தெரிகிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

இந்த நேரத்தில்தான் உன் பெரிய மாமா வந்தார். மெஸ் நடத்துபவர் இல்லையா, நாக்கு நீளம். செத்த மீனை எதுக்கு மாப்ள மறுபடி சாகடிக்கறீங்க என்று என்னைக் கேட்டார். உன் அம்மா உடனே ஒரு தீர்ப்பு வைத்தாள். அண்ணன் சாப்பிட்டுப் பாக்கட்டும், நல்லாருக்குன்னா உறிஞ்சான் இருக்கட்டும், இல்லேன்னா நாளைக்கே அண்ணன்கூடவே போயிடட்டும், பொண்ணு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து ஒரு வாய் வெச்சுட்டு முகத்தச் சுளிச்சா என்னால தாங்க முடியாதுங்க என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது, அதனால் நானும் சரி என்றேன். அன்றைக்கு ராத்திரியே ஒரு ‘மீ’ பொட்டலத்தைக் காகிதத்தோடு சேர்த்து ஓரத்தில் கீறி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டேன். நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும், காற்றில்லாத பைக்குள்ளேயே மீன் இளகினால் கெட்ட கிருமிக்குக் கொண்டாட்டம், உனக்குத் தெரியாததா.

மறுநாள் மத்தியானம் மாமாவை மேசையில் உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே நூலை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, பையை வெட்டித் தட்டில் கவிழ்த்தேன். கொஞ்சம் நூடுல்ஸ், பீட்ரூட் கறை பட்டதில் ரோஜா நிறமாகிவிட்ட அரை முட்டை, அதற்கு அடியில் ஒரு கோழிக்கால். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மாப்ள, உங்க மீனுக்குக் காலு மொளச்சிருக்கு என்றார். அப்போது ஆரம்பித்த சிரிப்புதான் இருமலில் போய் முடிந்தது. உன் அம்மா ஓடி வந்து, ஐயோ இது என் மீதியாச்சே, இத ஏன் எடுத்தீங்க என்றாள். ‘மீ’ என்று போட்டிருந்ததே என்றேன். மீன்னா மீதிங்க என்றாள். நன்றாகக் கவனி பாப்பா, அவள் வாயிலிருந்தே முதலில் ‘மீன்’தான் வருகிறது, அப்புறம்தான் மீதி வருகிறது, இதை நான் அங்கேயே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உடனே ஃப்ரீசரைக் காலி பண்ணிப் பார்த்தோம். இருந்த ‘மீ’ எல்லாம் மீதி. உன் மீனில் ஒரு துண்டுகூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை கத்தியது, உன் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவர் முகத்தில் ஈயாடவில்லை. எவ்ளோ பெரிய துண்டு சார், பூனைங்களுக்காகவே வாங்கறீங்கன்னுல நெனச்சேன் என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பொட்டலத்தை மட்டும் பூனைகளுக்குக் காட்டாமல் தானே வறுத்துச் சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டார். எப்படி இருந்தது என்று மாமா கேட்டார். இப்பதான் புடிச்ச மாதிரி இருந்துச்சு என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். ஜெயித்தது நான்தான், ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஜெயித்து என்ன பிரயோசனம். சீசன் முடிஞ்சுபோச்சே, பொண்ணு வந்தா என்னத்தப் போடுவேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அசடு வழியக்கூடத் தெம்பில்லை. மாமாவே மெஷினைத் தூக்கி ஆட்டோவில் வைக்கப் போனார், நானும் தடுக்கவில்லை.

தடுத்தது யார் தெரியுமா, உன் அம்மா. அது இருக்கட்டும்ணே, பொண்ணு வந்து சாப்ட்டுட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்றாள். மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் விடியும் முன்பே துறைமுகத்துக்குப் போனாள். வெயில் ஏறித் திரும்பி வந்தவள் கையில் ஒரு மீன், கடைசிப் படகில் வந்ததாம், போன மீனில் பாதி கூட இருக்காது, ஆனால் அதே ஜாதி. நான் துண்டு போட்டேன், அவள் துடைத்தாள், உறிஞ்சான் உர்ரென்றது. காகிதம் சுற்றியதும் நான் பேனாவை எடுத்தேன், அவள் பிடுங்கிக்கொண்டு, சாக்கட்டியால் பெரிதாகத் தானே எழுதினாள்: ‘மீன். பாப்பாவுக்கு. பூனைக்கு இல்லை.’ எழுதிவிட்டு ஃப்ரீசர் கதவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். இப்போதெல்லாம் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள், இப்படித் திறந்து திறந்து மூடினால் குளிர் போய்விடும் என்று சொன்னால் கேட்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்தால் நேராகப் போய்ப் படு, போனை நோண்டாதே. நீ நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல் இரு, உன் டாக்டரம்மாவுக்கு நல்ல புத்தி வரட்டும், இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். வரும் தேதியை மட்டும் மறக்காமல் எழுது. இந்த மெஷின் மீனை எத்தனை மாதம் வேண்டுமானாலும் காக்கும் பாப்பா. உன் அம்மாவை மட்டும் ரொம்பக் காக்க வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(பூனைகள் வட்டாரத்தில் ‘வள்ளல்’)