கண்மாயில் ஊறிய படகு

அண்ணே,

இன்று காலை கல்லூரித் தோட்டத்தில், ஒழுகும் மரத்தொட்டியை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சினார்கள். அந்த வாசனை மாடிக்கு வந்ததும், பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நம் வண்டிக்கொட்டகையில் வருஷம் முழுக்க இருந்த வாசனை அது. குமுளி மலை ஏறி ஆலப்புழைக்கு லாரி ஓட்டிப் போகும்போதெல்லாம் காயலில் போகும் பாய்மரப் படகுகளை நின்று பார்ப்பாய். திரும்பும்போது லாரியில் ஓர் ஆஞ்சிலிப் பலகை இருக்கும். பொங்கலுக்குக் கொஞ்சம், சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்சம் என்று உனக்கு ஓய்வு கிடைத்தபோதுதான் நீ கட்டிய படகு வளர்ந்தது. நான் விடுமுறைக்கு வந்தால் காடாத்துணியில் பாய் தைப்பேன். அடுத்த விடுமுறைவரை எல்லாம் கொட்டகையில் காய்ந்து கிடக்கும்.

கடைசி வருஷப் படிப்புக்குப் போகவேண்டிய அந்தக் கோடையில், பாயின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே சொன்னேன்: “அண்ணே, நான் இனிமே மெட்ராஸ் போகல. வகுப்புல எந்திரிச்சாலே நாக்கு ஒட்டிக்கிருது. எல்லாரும் சிரிக்கிறாக.” நீ குங்கிலியச் சட்டியைக் கிளறினாய்.

ஆனியில் பெரியாற்றுத் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்தது. மேற்கே கணவாயிலிருந்து காற்று இறங்கி ஊர்ப் புளியமரங்களை உலுக்கிற்று. படகை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஊரே கரையில் நின்றது. தண்ணீரில் விட்டதும் பலகை இடுக்குகளில் நீர் பீறிட்டது. நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றாய். படகு உன்னருகே மெல்ல அமிழ்ந்தது.

“ஏலே கப்பக்காரா, கொழும்புக்குச் சரக்கு ஏத்தலாமா?” என்றார் மாமா. கரை முழுக்கச் சிரிப்பு. “நல்ல பலகைடா. நாளைக்கே ஒடச்சு வண்டிக்குப் போட்டுருவோம்.”

உன் முகத்தைப் பார்த்தேன். நீ படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை.

“மாமா, கோடையில உங்க வண்டிச் சக்கரம் காஞ்சு ஆட்டங் கண்டா என்ன செய்வீக?”

“வாய்க்கால்ல எறக்கி ஊறவிடுவேன். அதுக்கென்ன ஆத்தா?”

“அடுப்புல போடமாட்டீகளே? இதுவும் காஞ்ச மரந்தான். ஊறுனா உப்பி இடுக்கு மூடிக்கிரும். அங்கனயே கெடக்கட்டும்.”

சிரிப்பு இப்போது மாமா பக்கம் திரும்பியது. “இந்தப் பிள்ளைக்கு வாயி இருக்கா!” என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

அதன்பின் தினமும் அவர் கண்மாய்ப் பக்கம் வந்து, “என்னலே, முங்குனது முங்குனதுதானா?” என்பார். “ஊறுது மாமா,” என்பாய் நீ. ஒரு நாள் காலையில் படகைத் தூக்கி நிறுத்தித் தண்ணீரை இறைத்தோம். மறுபடி நீர் ஏறவில்லை. பாயை ஏற்றினாய். காற்று அதை அறைந்து நிரப்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து கண்மாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. இரண்டாவது சுற்றுக்கு மாமாவே வேட்டியை மடித்துக்கட்டி ஏறிக்கொண்டார். எதிர்க்கரை சேரும்வரை பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பஸ் ஏற்றும்போதுதான், மெட்ராஸ் போகவில்லை என்று நான் சொன்னதற்குப் பதில் சொன்னாய். “இங்கன பேசுன வாயி அங்கன பேசாதா தாயி?”

பேசியது. உடனே அல்ல. நான் பட்டம் வாங்கியதை நீ பார்த்தாய். பாடம் நடத்துவதைப் பார்க்குமுன் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம் என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. “இவள் தேறமாட்டாள், அழைத்துப்போகச் சொல்லி வீட்டுக்கு எழுதிவிடலாம்,” என்று இன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார்கள். குங்கிலிய வாசனை இன்னும் என் சேலையில் இருந்தது. நான் எழுந்தேன்.

“ஊறுது,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பிறகு, என் நாக்கு எங்கும் ஒட்டாமல், அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். அவள் நாளையும் வகுப்புக்கு வருவாள், அண்ணே.