நைனா, அம்மா உன்னைத் தேடி ஹார்பருக்குப் போனாள்

என் உயிர் நைனா,

வீட்டில் உன்னை 'நீ' என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நான். எழுத்தில் மரியாதையாக இருக்கட்டுமே என்று 'நீங்கள்' போட்டு ஆரம்பித்தேன். யாரோ ஆபீசருக்கு மனு எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டு 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் கேட்பாய். அம்மா உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள், மடித்ததையே பிரித்து மறுபடியும் மடிக்கிறாள். ஆனால் நீ செத்துப்போனது அவளுக்குத் தெரியாது.

நாங்கள் மறைத்துவிட்டோம் என்று நினைக்காதே. உன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டவள் அவள்தான். காசிமேட்டுக் கல்லறையில் தன் கையால் மண் போட்டாள். அதற்குப் பிறகு மழைக்காலம் முடிந்து, ஒரு காலையில் என் பின்னால் வந்து நின்று, "உங்க நைனா இன்னா இன்னும் வரல? நைட் ஷிப்டு முடிஞ்சி இந்நேரம் வந்துருக்கணுமே" என்று கேட்டாள். நீ ஹார்பர் கிரேனிலிருந்து இறங்கி ரிட்டயர் ஆகியே எத்தனையோ வருஷம் ஆகிறது, நைனா.

நீ இருக்கும்போதே அவள் அடுப்பை அணைக்க மறந்தாள், பக்கத்து வீட்டுக் குமாரி அக்காவை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வயசாயிடுச்சி என்று நீ சிரித்தாய். அவள் உன்னைத் தேட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறதி நோய், இனி கூடிக்கொண்டுதான் போகும், திரும்பி வராது என்றார். இதைச் சொல்லும்போது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பார்த்தேன்.

அம்மா கேட்கும்போதெல்லாம் நான் உண்மையைச் சொன்னேன். "நைனா செத்துட்டாரும்மா, நெஞ்சு வலி வந்து போயிட்டாரு." அவள் அப்போதுதான் கேள்விப்படுவது போல மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். என்னிடம் யாரும் சொல்லலையே என்பாள். அழுது ஓய்ந்து தூங்குவாள். எழுந்து வந்து, நைனா எங்கே என்று கேட்பாள். ஒரு பெண் எத்தனை முறைதான் தாலி அறுக்க முடியும், நைனா?

என் வீட்டுக்காரர் வின்சென்ட் பொறுக்கமுடியாமல், இனிமேல் டூட்டிக்குப் போயிருக்காருன்னு சொல்லிடு என்றார். அப்படியே சொன்னேன். அது வேறு மாதிரிக் கஷ்டம். நீ வராமல் அவள் சாப்பிடமாட்டேன் என்றாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். பொழுது சாய்ந்ததும், வேற எங்கயாச்சும் வூடு வெச்சிகினாரா அந்த ஆளு என்று என்னையே விசாரித்தாள். அன்றைக்கு வின்சென்ட் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அப்படித்தான் நான் மரத்துப்போனேன். இட்லிப் பானையின் ஆவி கையில் பட்டுக் கொப்புளம் வந்திருப்பதை ஆபீஸ் போய்த்தான் பார்த்தேன். நான் வேலை செய்யும் ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கவுன்ட்டர் முன்னால் நின்று அழுதாள். அடுத்த டோக்கன் என்று கூப்பிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. உள்ளே ஒன்றும் அசையவில்லை, அவ்வளவுதான்.

சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. எல்லாரும் எழும்பினால் எழும்பினேன், பாடினால் வாய் பாடியது. பாஸ்டர் வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். போகும்போது என்னிடம், எல்லாத்தையும் ஆண்டவர் கையில விட்டுடும்மா என்றார். சரிங்க ஐயா என்றேன். விடுவது என்றால் என்ன? நான் விட்டால் அம்மாவைக் குளிப்பாட்டுவது யார், அவள் கேஸைத் திறந்து வைத்தால் மூடுவது யார்? அவரிடம் கேட்கவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் அம்மா காணாமல் போனாள்.

காலை வேளை. வின்சென்ட் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் பக்கம் போயிருந்தார். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கேட் திறந்து கிடக்கிறது. அம்மாவின் செருப்பு இல்லை. குமாரி அக்காதான் முதலில் ஓடினாள். அவளுடைய தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், தெரியுமே உனக்கு. அம்மாவின் படத்தை அவன் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். நான் திருவொற்றியூர் ஹைரோட்டில் இறங்கி மெட்ரோ தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தத் தூண்கள் வந்த பிறகு அம்மாவுக்கு நம் ரோடே அடையாளம் தெரிவதில்லை. பஸ் ஸ்டாப், மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல். பச்சைப் புடவை, ஒல்லியாக இருப்பாங்க, கொஞ்சம் ஞாபக மறதி. இதையே எல்லாரிடமும் சொன்னேன். என் குரல் டோக்கன் கூப்பிடும் குரல் மாதிரியே இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த ஒரு போலீஸ்கார அம்மா, கடற்கரைப் பக்கம் பாத்தியா என்று மெதுவாகக் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று புரிந்தது. எண்ணூர் போகிற கடலோர ரோட்டுக்கு வந்தேன். அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல் வரிசையில் நெடுக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கற்களுக்கு இடையில் தண்ணீர் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்து ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றிருந்தன.

ஒரு இடத்தில் கால் நடக்கவில்லை. ஒரு கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நைனா. முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

"ஆண்டவரே, என்னால முடியல. நான்தான் அவங்கள புடிச்சி வெச்சிகினு இருக்கேன்னு நெனச்சேன். என் கையில ஒண்ணும் இல்ல. நீர் பாத்துக்கும்."

போன் அடிக்கவில்லை. கடல் அப்படியேதான் இருந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்தது. உன்னைப் புதைத்த அன்றுகூட வராத அழுகை. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் அழுதேன். அழ அழ உள்ளே ஒரு இடம் அமைதியானது. அம்மா கிடைத்துவிடுவாள் என்று எனக்கு யாரும் காதில் சொல்லவில்லை. கிடைக்காமலும் போகலாம் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அது உறைத்தும் நான் விழவில்லை. யாரோ முதுகுப்பக்கம் தாங்கி உட்காரவைத்திருந்தது போல இருந்தது.

அதுவரை வலிக்காமல் இருந்ததைத்தான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வலித்தது. வலித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நிதானமாக மூச்சு விட்டது. நீ கஷ்டமான நாட்களிலும் ஜெபம் முடித்து அப்படி ஒரு முகத்தோடு எழும்புவாயே, உனக்கு இதுதான் நடந்துகொண்டிருந்ததா? நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தேடினேன். வெயில் ஏறிய பிறகுதான் போன் வந்தது. குமாரி அக்காவின் தம்பிக்குத் தெரிந்த ஒரு ஆட்டோக்காரர் பேசினார். ராயபுரத்தில், கல்மண்டபம் தாண்டி, ஹார்பர் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

எப்படிப் பஸ் ஏறினாள், யார் டிக்கெட் எடுத்தது, எங்கே இறங்கினாள், எதுவும் இன்றுவரை தெரியாது. நம் தெரு தெரியாதவளுக்கு அந்த கேட் தெரிந்திருக்கிறது. நாம் ராயபுரத்தில் இருந்த காலத்தில் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து அவள் காத்து நின்ற கேட். காவலுக்கு இருந்தவரிடம் போய், கிரேன் சாமுவேலைக் கூப்பிடு என்றிருக்கிறாள். அவர் வடக்கத்திக்காரர். பாஷை புரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார். கடைக்கார பாய் பன் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வெயில் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை கேட் மேலேயே இருந்தது.

"எல்லாரும் வந்துட்டாங்க. உங்க நைனா மட்டும் இன்னும் வெளிய வரல."

உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவிலேயே மார்பில் அடித்துக்கொள்வாள். பொய்யைச் சொன்னால் எழுந்து வரமாட்டாள். இரண்டையும் விட்டால் என்ன இருக்கிறது? யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நைனா வூட்டுக்குப் போயிட்டாரும்மா."

"எந்த வூட்டுக்கு?"

"ஆண்டவர் வூட்டுக்கு."

ஒரு டிரெய்லர் கேட்டுக்குள் மெதுவாகத் திரும்பிப் போய் மறையும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடித்துக்கொள்ளக் கை தூக்கினால் தடுக்கலாம் என்று.

"சாப்ட்டுட்டா போனாரு?" என்று கேட்டாள்.

நீ போன அன்று காலையில் அவள் கையால் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய்.

"சாப்ட்டுட்டுதாம்மா போனாரு. நீதான் போட்ட."

"அப்ப சரி" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நம்மளும் கெளம்பலாம். வெயில் ஏறுது."

பாய் காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டோவில் வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. இன்னும் கேட்கிறாள். நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன். சில நாள் அழுகிறாள். சில நாள், என்னிடம் சொல்லாம எப்படிப் போனாரு என்று கோபிக்கிறாள். பல நாள் அப்ப சரி என்கிறாள். நான் சொல்வது உண்மை என்பதால் எனக்கு அதைச் சொல்லக் கூசுவதில்லை. கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். ஸ்கேன் சென்டரில் கேட்டு அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டேன். அந்த அரை நாள் குமாரி அக்கா வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மரத்துப்போன அந்த நிலையும் முழுசாக விடவில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் தோன்றாமல் வேலை செய்கிறேன். முன்பு அந்த நாட்களில் ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்று நினைப்பேன். இப்போது, எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை, அவர் எங்கேயும் போகவில்லை என்று இருந்துவிடுகிறேன்.

காலையில் அம்மாவோடு சேர்ந்து ஜெபம் பண்ணுகிறேன். அவள் உனக்காக ஜெபிக்கிறாள், தெரியுமா? கிரேன் ஏணியில் ஏறும்போது உன் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். கப்பலடியில் நிற்கும்போது மேலே எதுவும் விழாமல் காக்கச் சொல்கிறாள். முன்பெல்லாம் அதற்கு என்னால் ஆமென் சொல்ல முடிந்ததில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது சொல்கிறேன். உன்னை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றுதானே நானும் நம்புகிறேன்? அவள் கேட்பதை அவர் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பும்போது அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ யாரும்மா?" என்றாள்.

இது ஒரு நாள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயந்திருந்தேன். சீப்பு கையில் நின்றது. பிறகு பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டுச் சொன்னேன்.

"உன் மவதாம்மா. ஜெசி."

"எம் மவளா?" கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்தாள். "நல்லாத்தான் கீற."

நைனா, இனி அவள் தினமும் கேட்கலாம். கேட்கவும் மறந்துபோகலாம். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எத்தனை முறை கேட்டாலும், முதல் தடவை கேட்பது போலவே பதில் சொல்வேன். கேட்காத நாளிலும் பக்கத்தில் போய் நின்று நானாகவே சொல்வேன். முடியாத நாளில், முடியவில்லை என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிட்டு வந்து சொல்வேன்.

அம்மாவிடம் தினமும் புதிதாகப் பேர் சொல்லிக்கொள்ளும்
உன் மகள்,
ஜெசி