கடைசல் மடலின் புது உறுப்பினர்

திருப்புட்குழி
10-8-79

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானசுந்தரி எழுதுவது. நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று இங்கிருந்து கேட்டு என்ன பயன்? உங்கள் கடைசல் மிஷின் நலமாகத்தான் இருக்கும். மரம் கடையும் சிநேகிதர்களுக்கு மாதாமாதம் மடல் எழுதி அனுப்பும் கை, எனக்கு ஒரு கார்டு எழுதக் கூடாதா?

கல்யாணமாகி முதல் ஆடி என்று அம்மா வீட்டுக்கு வந்தேன். ஆடி முடியப்போகிறது. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவார் என்று முறுக்கு மாவுக்கு அம்மா நாள் கேட்கிறாள். என்றைக்கு வருகிறீர்கள்?

உங்கள்
ஞானசுந்தரி


உத்திரமேரூர்
14-8-79

அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

கடிதம் கிடைத்தது. மோட்டார் வந்துவிட்டது. இனிக் காலால் மிதிக்க வேண்டியதில்லை. பூவரசங்கட்டை ஒன்றை மாட்டிச் சுற்றவிட்டேன். கொஞ்சம் அதிர்கிறது.

அரக்கோணத்து ரயில்வே கார்டு சாமுவேல் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறார். கிண்ணத்தின் உட்புறம் கடைய உளியை எப்படிச் சாய்ப்பது என்று படத்தோடு இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி ஆவணி மடலில் சேர்த்தேன். நம்மைப் போலப் பொழுதுபோக்குக்குக் கடைபவர்களுக்குத் தமிழில் படிக்க வேறு என்ன இருக்கிறது? வகுப்பு முடிந்ததும் மடலைப் படியெடுக்கப் பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மிஷினோடுதான் இருக்கிறேன்.

ஆகவே உடனே வர முடியாது. செப்டம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, வந்து அழைத்துப்போகிறேன். அங்கே உனக்குப் பொழுது போகாதே என்று உன்னையும் மடலுக்கு உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். தபாலில் வரும்.

தாமோதரன்


திருப்புட்குழி
22-8-79

அத்தானுக்கு,

மடல் வந்தது. "அன்புள்ள உறுப்பினர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எனக்கு எழுதியதில் இதுதான் நீளமான கடிதம்.

நைனா ஆசையாக வந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, மாப்ளை இன்னா எழுதிக்கீறாரு?" என்றார். "பச்சை வாகைய உடனே கடையாதீங்க, வெட்டின முனைல மெழுகு தடவி நெழல்ல காயப்போடுங்கன்னு எழுதிக்கீறாரு நைனா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தையும் படித்தேன். செப்டம்பர் இரண்டாம் தேதி ஞாயிறு, நம் வீட்டில் உறுப்பினர் கூட்டம். மதியச் சாப்பாடு உண்டு. முதல் தேதி என்னை எதற்கு அழைக்க வருகிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

சமைக்க ஆள் வேண்டுமானால் அடுத்த தெரு செங்கேணி அக்காவைக் கேளுங்கள். என்னை அழைக்க வர வேண்டாம். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ஞானசுந்தரி

பி.கு. உறுப்பினர் பட்டியலில் என் பெயரை அடித்துவிடுங்கள்.


உத்திரமேரூர்
2-9-79, ஞாயிறு மாலை

சுந்தரிக்கு,

பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டேன்.

கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். மோட்டார் இன்னும் அதிர்கிறது. அடியில் ரப்பர் வைக்கச் சொன்னார்கள். செங்கேணி அக்காவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ எங்கே என்பார். நானே சமைத்தேன். சாதம் குழைந்துவிட்டது. சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். ஊறுகாய் தீர்ந்துபோயிற்று.

கை கழுவும்போது சாமுவேல், "வூட்ல எப்போ வர்றாங்க சார்?" என்றார். மோட்டாரைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ எழுதியது சரி. சாப்பாட்டை நினைத்துத்தான் அந்தத் தேதியைக் குறித்தேன். குறிக்கும்போது அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. எல்லோரும் போனபிறகு பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் எனக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. நீ வர மாட்டேன் என்றால், நைனாவைக் கொண்டு சொல்லி அனுப்பாதே. நீயே சொல். கேட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

உன்
தாமோதரன்