சம்சு தலையாட்டவில்லை

தோ பாயோ,
வெள்ளிக்கிழமை.

தம்பி இர்ஃபானுக்கு, சம்சுன்னிசாவின் அக்கா ஆமினா ராத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலத்துக்கு துஆ செய்கிறேன். அதற்கு எனக்கு அருகதை உண்டா என்பது வேறு விஷயம்.

என் மகள் ஹனீனைப் பெண் கேட்டு நீங்கள் அனுப்பிய பெரியவர்கள் நேற்று வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாப்பாவின் துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுத்த இர்ஃபான் இன்று அந்தக் கடையையே வாங்கித் தன் பெயர்ப் பலகையை மாட்டியிருக்கிறார், பிறகென்ன யோசனை என்கிறார். ஹனீனும், "அவரு ரொம்ப நல்லவர்லா, உம்மா" என்கிறாள். அவளுக்கு இருபத்துமூன்று, உங்களுக்கு நாற்பத்திரண்டு. அவள் முகம் அப்படியே சம்சுவின் முகம். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களை விட்டுவிட்டு நகைக்கடை மாப்பிள்ளைக்கு சம்சு தலையாட்டிவிட்டாள் என்றுதானே இத்தனை வருடக் கோபம்? அவள் ஆட்டவில்லை, தம்பி. நிக்காஹ் அன்று வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் அறைக்குள் வந்து சம்மதம் கேட்டார்கள். அவள் வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். முக்காட்டுக்குள் அவள் பிடரியில் என் கை இருந்தது. அழுத்தினேன். தலை குனிந்தது. சம்மதம் கிடைத்தது என்று வாப்பா வெளியே போய்ச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது அவள் என்னையே பார்த்தாள்.

எங்கள் கடையில் வேலை பார்த்த உங்களைத் தங்கை மாப்பிள்ளை என்று நாலு பேரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

நிக்காஹ் முடிந்து நாலே வருடத்தில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, உங்களை ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். நீங்கள் ஜொகூருக்குப் போன பிறகு வாங்கிய நம்பர் என் போனில் இருந்தது. நான் அழைக்கவில்லை, அந்தக் காய்ச்சலிலேயே அவள் போய்விட்டாள். பிறகு நீங்கள் வந்து அவளை அடக்கிய கபர் எங்கே என்று கேட்டபோதும் சொல்லவில்லை.

சுவா சூ காங் அடக்கத்தலத்தில் ஒரு கபருக்குப் பதினைந்து வருடம்தான், அவளுக்கு அது முடிந்துவிட்டது. கபரைத் தோண்டி, எஞ்சியதை மற்றவர்களோடு சேர்த்து அடக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அவள் கணவர் ஸைஃப் மறுமணம் செய்து மலாக்காவில் இருக்கிறார், வரவில்லை என்றுவிட்டார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் மட்டும்தான் போகிறேன். நீங்கள் வாருங்கள்.

இதற்குக் கைம்மாறாக எதையும் கேட்கவில்லை. கோபத்தை என்மேல் காட்டுங்கள், என் மானம் சந்தி சிரிக்கட்டும். ஹனீன் ஒரு பாவமும் அறியாதவள். அவளுக்காகவே அவளைக் கேட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். சம்சுவுக்காகக் கேட்பதானால் வேண்டாம், தம்பி. காலில் விழுந்து கேட்கிறேன்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சின் சூட்டைத் தணிப்பானாக. திங்கட்கிழமை அங்கே யாராவது, இவர் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டால், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நாலு பேர் கேட்க நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆமினா ராத்தா