எல்லாருக்கும் முப்பத்தெட்டு

என் அன்பு மதினிக்கு,

ஆமத்தூரிலிருந்து பாக்கியம் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார், சர்க்கரையைத்தான் கட்டுப்பாட்டில் வைக்க மாட்டேன் என்கிறார். பள்ளியில் உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண், நல்லவள்தான். இனிமேல் எழுதப்போவதெல்லாம் எரிச்சலில் எழுதுவது. இருந்தபோதே நாத்தனார் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பள்ளியில் பதினோரு வருஷம், நீங்கள் அறிவியல், நான் கணக்கு. மதியச் சாப்பாட்டில் தினமும் ஒரே சண்டை. மூன்று மணி நேரம் பரீட்சை வைத்தால் எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தெரிந்துவிடும், மற்றதெல்லாம் வெட்டி வேலை என்பேன் நான். "அடிப் போடி. வருசம் பூரா பாத்தே ஒரு பிள்ளையப் புரிஞ்சுக்க முடியல, மூணு மணி நேரத்துல என்னத்தக் கண்டுபிடிப்ப?" என்பீர்கள்.

உங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம். யார் என்ன கேள்வி கேட்டது, யாருக்கு எது பயம், எல்லாம் அதில் இருக்கும். வருஷம் பூரா பிள்ளைகளைக் கவனித்து மார்க் போட வேண்டிய என்னுடைய வளரறி மதிப்பீட்டுப் பதிவேடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து, நீலப் பேனாவில் கொஞ்சம், கறுப்புப் பேனாவில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, வருஷம் முழுக்க எழுதியதுபோல நிரப்பிவிடுவேன். நாற்பதுக்கு எல்லாருக்கும் முப்பத்தெட்டு. "ரெண்டு பேனால ஒரு வருசத்தையே முடிச்சுட்டாளே!" என்று ஸ்டாஃப் ரூமே கேட்கச் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை, மதினி.

முத்துச்செல்வியை ஞாபகம் இருக்கிறதா? நாரணாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், எட்டாம் வகுப்பில் பாதி வருஷம்வரை உங்களிடம் படித்தவள். வாயைத் திறந்தால் பதில் வரும், தாளைக் கொடுத்தால் பேனா நகராது. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். கரும்பலகையில் நான் போட்ட ஒரு கணக்கு தப்பு என்று எழுந்து நின்று சொன்னவள் அவள் ஒருத்திதான். பங்குனியில், முழு ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. ஒரு பரீட்சைகூட எழுதவில்லை.

தலைமை ஆசிரியர் ஈரமுள்ள மனுஷர். "வருசம் பூரா போட்ட மார்க் இருக்குல்ல டீச்சர், கொண்டாங்க. அத வச்சே பத்தாவதுக்கு ஏத்திவிட்ருவோம்" என்றார். இதற்காகத்தானே நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள்?

பதிவேட்டை நீட்டினேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒழுங்காக வராதவனுக்கும் அதே. மற்றப் பாடங்களின் பதிவேடுகளும் இதே லட்சணம். மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல அந்தப் பிள்ள எங்கன இருக்கு டீச்சர்?"

அந்த மார்க்கை நம்பி ஏற்றிவிட வழியில்லாமல் ஜூனில் மறுதேர்வு வைத்தார். பரீட்சை பரீட்சை என்று குதித்தேனே, வந்தது பரீட்சை! நான்தான் அறையில் நின்றேன். முதல் கேள்விக்கே அரை மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் வராந்தாவில் அதே கணக்கை வாயால் கேட்டேன், கடகடவென்று சொல்லிவிட்டாள். தாளில் நூற்றுக்கு இருபத்தொன்று. மறுபடி ஒன்பதிலேயே உட்காரட்டும் என்றார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா வந்து, "போதும் டீச்சர். சின்னதுகளோட உக்கார மாட்டேங்கா. வீட்ல இருந்து வெடிக்குக் குழாய் ஒட்டட்டும், சீசன் வருதுல்ல" என்றார்.

யார் மேல் கோபப்படுவது? பரீட்சை மேலா? ஐம்பது பிள்ளைகளை ஒருத்தியிடம் தள்ளிவிட்டு, கட்டம் போட்ட தாளையும் கொடுத்து, தொடர்ந்து கவனியுங்கள் என்கிறார்களே, அவர்கள் மேலா? பொய் சொல்வானேன், என் மேல்தான் கோபம். என்னை நினைத்தாலே சீ என்று வருகிறது.

டி.சி. வாங்க வந்த அன்று கேட் பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், எனக்கு நாப்பதுக்கு முப்பத்தெட்டு போட்ருந்தீகளாமே! பெரிய சார் சொன்னாக. நான் என்ன செஞ்சதுக்கு டீச்சர் போட்டீக?"

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வீட்டில் போய்ச் சொல்வதற்காகக் கேட்டாள், மதினி. கரும்பலகைக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அதற்காக நான் போடவில்லையே! "பஸ் வந்துருச்சு, போ" என்று விரட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரம் போகிறேன். பார்க்காமல் போட்ட மார்க் அது என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டு, திரும்பப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கேட்பேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன். ஒரு தடவையில் வராவிட்டால் மறு ஞாயிறும் போவேன்.

உங்கள் நோட்டை அண்ணனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "முத்துச்செல்வி. டீச்சர் போட்ட தப்பைக் கண்டுபிடித்தாள்." இனி ஒரே பேனாதான். உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் தோற்றுப்போன நாத்தனார்,
பாக்கியம்